நெளிகோடு

முதலில் மாறியவன் எலிசேயோதான்.
ஒரு திங்கட்கிழமை அவன் திரையில் வேறு வெளிச்சம்.
"ரெண்டே நாள் பழகு, ரொசௌரா,
அப்புறம் திரும்பிப் பார்க்கமாட்டாய்" என்றான்
மேசையிலிருந்து பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டபடி.

பதினோரு மாதம்
நான் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

வால்பரைசோ துறைமுகத்துக்குக்
கண்டெய்னர் அடுக்கும் நிரல் எழுதுகிறோம்.
எதன் மேல் எது,
எது முதலில் இறங்கும்,
எதற்கு மின்சாரம் வேண்டும்.
ஓர் அடைப்புக்குறி இடம் மாறினால்
ஒரு பெட்டி நிறையச் செர்ரிப் பழம்
பழைய டயர்களுக்கு அடியில்
ஜனவரி வெயிலில் நின்றுவிடும்.
நின்றிருக்கிறது, ஒரு முறை.
வாடையை ஜன்னல் வழியாகவே அறிந்தோம்.

எலிசேயோவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று.
எல்லோரும் வண்ணத்தில் பார்க்கும் அடைப்புக்குறிகள்
அவனுக்கு ஒரே மணல்.
அந்தச் செர்ரிக்குப் பிறகு வந்த ராத்திரி
சின்னதாய் ஒரு நீட்சி எழுதினேன்:
முதல் ஜோடிக்குப் புள்ளிக்கோடு,
அடுத்ததற்கு இரட்டைக்கோடு,
அதற்கும் உள்ளே இருப்பதற்கு நெளிகோடு.
எழுதியது கிடக்கட்டும் என்று
பொதுவில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

அவன்தான் முதலில் மாறினான் என்றேனே.
புதிய எடிட்டரில் இதெல்லாம் கூடவே வருகிறதாம்.

பிறகு நானும்.
பெரிய காரணம் ஒன்றுமில்லை.
என் விசைப்பலகையை யாரும் தொடுவதில்லை;
பயிற்சிக்கு வந்த பையன் ஒரு நாள் தொட்டான்,
வெளியேறும் வழி தெரியாமல்
பவர் பட்டனை அழுத்திவிட்டு
மன்னிப்புக் கேட்டான், என்னிடமல்ல,
கணினியிடம்.

முதல் வாரம் முப்பத்தாறு நீட்சிகள்.
சேமிக்கும்போதெல்லாம் ஒன்று கமா போட்டது,
இன்னொன்று எடுத்தது.
போட்டது, எடுத்தது.
ஒன்று ஒவ்வொரு வரியின் ஓரத்திலும்
இதை எழுதிய பாவி யார் என்று காட்டியது.
பெரும்பாலும் நான்.
பத்தொன்பதை நீக்கினேன், சண்டை ஓய்ந்தது.
எது யாரோடு மோதியது என்று இன்றுவரை தெரியாது.

விரல்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
வங்கிப் படிவத்தில்,
மளிகைப் பட்டியலில்,
தங்கைக்கு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தின் கடைசியில்
முக்காற்புள்ளி, டபிள்யூ.
சேமி என்று அர்த்தம்.
"இது என்ன முகம்?" என்று கேட்டாள் தங்கை,
"பல்வலியா?"

ஆகஸ்டில் ஒரு கடிதம்.
மாரிபோர் என்னும் ஊரிலிருந்து, ஸ்தோயான் என்பவர்.
"புதிய பதிப்பு வந்ததிலிருந்து
உங்கள் நெளிகோடுகளைக் காணவில்லை.
மூன்று நாளாகத் திரையில் விரல் வைத்து எண்ணுகிறேன்.
அவசரமில்லை."

அந்த அவசரமில்லைதான் உறுத்தியது.

நாலாயிரத்துச் சொச்சம் பேர் என்று காட்டியது கணக்கு.
நான் காலி செய்துபோன வீட்டில்
நாலாயிரம் பேர்
விளக்கேற்றிக்கொண்டு இருக்கிறார்கள்.

பழைய எடிட்டரைத் திறந்தேன்.
கறுப்பு. ஓர் இமைக்கும் கட்டம்.
எட்டு வருஷத்துக்கு முந்தைய என் நிரல்,
"இது ஏன் வேலை செய்கிறதென்று தெரியவில்லை, தொடாதே"
என்று எனக்கு நானே எழுதிவைத்த குறிப்பு.
தொட்டேன்.
மனம் தேடுவதற்குள் விரல்கள் போய்ச் சேர்ந்தன,
இருட்டில் சுவிட்சைத் தட்டுகிறவர்களைப் போல.
ஒரே ஒரு வரி. பெயர் மாறிய ஒரு சார்பு.
எலிசேயோ எட்டிப் பார்த்தான்:
"அட, அந்த நெளிகோடு. நல்லா இருந்துச்சுல்ல?"
நான் பதில் சொல்லவில்லை.

ஸ்தோயானுக்கு எழுதினேன்:
சரிசெய்தாயிற்று, தாமதத்துக்கு வருந்துகிறேன்,
இப்போது நான் அதைப் பயன்படுத்துவதில்லை,
ஆனாலும் உடைந்தால் சொல்லுங்கள்.

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்,
என் பெயருக்கு அடியில்
முக்காற்புள்ளி, டபிள்யூ.

கீழே கிரேன் ஒரு நீலப் பெட்டியைத் தூக்கி
எங்கே வைப்பதென்று தெரியாததுபோல் நின்றது.
பிறகு வைத்தது.

மறுநாள் பதில் வந்தது, இரண்டே வரி.
நன்றி, கோடுகள் வந்துவிட்டன.
பெயருக்கு அடியில் அவரும்
அதையே போட்டிருந்தார்.
பழக்கத்திலா, வேண்டுமென்றேவா,
கேட்கவில்லை.