எழுநூறு மில்லி

ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி என்றார் டாக்டர்.
மாத்திரைக்கு, காப்பிக்கு, ரசத்துக்கு,
சோற்றில் ஒளிந்திருக்கும் தண்ணீருக்கும் சேர்த்து.
இருமல் மருந்து மூடியால் அளந்து ஊற்றி
பாட்டிலில் நகப்பூச்சால் கோடு போட்டேன்.
பங்குனி மாதம்.
நிழல்கூட நாக்கைத் தொங்கப்போடும் வெயில்.

செவ்வாயும் வெள்ளியும் தேவகோட்டையிலிருந்து
காரைக்குடிக்குப் பதினொன்றே கால் பஸ்.
ஜன்னல் சீட்டு எனக்கு வேண்டாம்.
வழியில் ஊருணிகள் வரும்.
போன ஐப்பசி நன்றாகப் பெய்திருந்தது.
கழுத்து மட்டும் தண்ணீரில் கிடக்கும் எருமைகளைப் பார்த்தால்
பத்தாவது கட்டளையை மீறிவிடுவேன்.

முதல் வருஷம் அவரிடம் நிறையப் பேசினேன்.
வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன்,
நடக்கவேண்டிய கால்தான் வீங்கிக் கிடக்கிறது என்பதை மறந்து.
இரண்டாம் வருஷம் பேரம்.
இரும்புக் கடையில் பில் எழுதுகிறவள், பேரம் தெரியும்.
மூன்றாம் வருஷம் ஒன்றுமில்லை.
செபமாலை அலமாரியில் கிடந்தது,
பூச்சி உருண்டைகளோடு.

பங்குச் சாமியார் வந்து
"துன்பம் உன்னைப் புடம் போடுதும்மா" என்றார்.
"நான் பொன் இல்ல சாமி, கவரிங்" என்றேன்.
அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
காப்பி கொடுத்தேன், ஒரு முழு டம்ளர்.
குடித்து முடிக்கும்வரை
அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடக்கையில் ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள்.
தொட்டால் அதிரும்,
பொன்வண்டு அடைத்த தீப்பெட்டி போல.
தூக்கம் வராத ஒரு ராத்திரி
தலைக்கடியில் கை போக,
காதுக்குள் அந்தச் சத்தம்.
ம்ம்ம் என்று, விடாமல், மூச்சு வாங்காமல்.
நான் கைவிட்ட வேண்டுதலை
என் கை எனக்குத் தெரியாமல்
சொல்லிக்கொண்டே இருந்த மாதிரி.
அழ வந்தது. அழுதால் அந்த நீரைக்
கணக்கில் கழித்துக்கொள்ளலாமா என்று யோசித்ததில்
அழுகை நின்றுவிட்டது.
கேட்டுக்கொண்டு மட்டும் படுத்திருந்தேன்.

பெரிய வெள்ளி வந்தது. என் முறையும் வெள்ளி.
ஊர் மொத்தமும் சிலுவையை முத்தமிட வரிசையில் நிற்க
நான் நாலாம் கட்டிலில்,
ஊசி இரண்டு ஏறிய கையோடு,
சக்கரத்தில் சுற்றும் என் ரத்தத்தைப் பார்த்தபடி.
ஐந்தாம் கட்டிலில் முத்தழகு அம்பலம்,
கல்லல் பக்கம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர்.
"ஒரு வாய் தண்ணி தாயி" என்றார், யாரிடம் என்றில்லாமல்.
சிஸ்டர் ஜெரினா தலையாட்டினாள், கூடாதென்று.
ஏற்கெனவே நாலு கிலோ நீர் ஏறிய உடம்பு.
"ஒரு வாய்" என்றார் மறுபடி.
சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று.

எட்டும் தூரத்தில்தான் அவர் கட்டில்.
ஒரு கை மெஷினுக்கு. இன்னொன்று எனக்கு.
பையில் எலுமிச்சந்துண்டு இருந்தது,
தாகத்தை ஏமாற்ற நான் சப்புவது.
பஞ்சு கேட்டு வாங்கினேன். பிழிந்தேன்.
கையை நீட்டி அவர் உதட்டில் வைத்தேன்.
புளிப்பில் முகத்தைச் சுளித்தார்.
பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் உறைத்தது.
கடற்பஞ்சைக் காடியில் தோய்த்து நீட்டினானே ஒருவன்,
அவனைப் பாவாடை கட்டிய வயசிலிருந்து திட்டி வருகிறேன்,
ஒவ்வொரு பாஸ்கு நாடகத்திலும்.
பாவம், அவனிடமும் வேறொன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம்.
தன் கலயத்தின் அடிப்புளிப்பைத்தான் நீட்டினானோ என்னவோ.
மேலே தொங்கியவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.
கடலுக்குக் கரை போட்டவருக்கு
அன்று கிடைத்தது எத்தனை மில்லி?
எழுநூறு இருக்காது.

நாலரைக்கு எடை பார்த்தார்கள். இரண்டரை கிலோ குறைவு.
நோய் அப்படியேதான். செவ்வாய்க்கிழமை மறுபடி வரவேண்டும்.
திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு மட்டும் காலியாக இருந்தது.
உட்கார்ந்தேன்.
ஊருணி வந்தது.
எருமைகள் இருந்தன. இருக்கட்டும்.
கை தன்பாட்டுக்கு முணுமுணுத்தது,
ஓரிரு சொல் நானும் சேர்ந்து சொன்னேன்.
பாட்டிலின் அடியில் இன்னும் தொண்ணூறு மில்லி
எனக்கென்று இருந்தது.