முப்பது நாள் வரை

சனிக்கிழமைகளில் நான்தான் நிலைய அதிபர்.
பால்பண்ணையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன்,
ஒருநாளும் கொடி அசைத்ததில்லை.
தொப்பி அருங்காட்சியகத்துடையது. தலைக்குப் பெரிது.

நுழைவுச்சீட்டு அதே பழைய ஜன்னலில்தான்.
இரண்டு யூரோ.
மிஞ்சிய தண்டவாளம் நாற்பது மீட்டர்.
அது முடிகிற இடத்தில் ஒரு பிர்ச் மரம்:
கோடையில் பச்சை, செப்டம்பரில் மஞ்சள்,
சிவப்பு மட்டும் அதற்குத் தெரியாது.

மழையோடு வந்த பெண்மணி
என்ஜினைப் பார்க்கவில்லை,
விசில் பொத்தானை அழுத்தவில்லை.
நேரே போய் நின்றது
தவறவிட்ட பொருட்களின் அலமாரி முன்.
குடைகள், ஒரு கிளாரினெட் பெட்டி, பல்செட்டு,
பனிச்சறுக்குக் காலணி ஒரு ஜோடி.

"அது என்னுடையது."

கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.
ரஷ்யமொழி மேலே, எஸ்தோனிய மொழி கீழே,
ஊதா முத்திரை, பிப்ரவரி 1969.
முப்பது நாள் வரை வைத்திருக்கப்படும்.

தபாலில் வந்ததாம்.
அதற்குள் வீட்டில் சொல்லியாகிவிட்டது,
தம்பி எடுத்து விற்றுத் தின்றுவிட்டான் என்று.
அப்பாவின் இடுப்புவாரும் இறங்கியாகிவிட்டது.
சீட்டை மெத்தைக்கு அடியில் வைத்துப்
படுத்தபடி நாளை எண்ணினாராம்.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது.
முப்பத்தொன்றாம் நாள்
நன்றாகத் தூங்கினாராம்.

"ஆர்வெட் இன்னும் இருக்கிறான், தார்த்துவில்.
எழுபது வயது. இன்றும் நான் பேச்செடுத்தால்
'நான் எடுக்கவில்லை' என்றுதான் தொடங்குவான்,
வேறு எதைப் பற்றிக் கேட்டாலும்."

காட்சிப்பொருளை வெளியே கொடுக்கக் கூடாது.
விதி என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கிறது.
சொன்னேன்.
அவர் தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றார்,
தாமதமான வண்டிக்கு நிற்பவர் போல.

பிறகு நான் செய்தது சரியா, தெரியாது.
கண்ணாடிக்குள் கிடந்த பழைய பதிவேட்டை எடுத்தேன்.
அவருடைய வரிசை இருந்தது: ஹெல்வே குக், பெண், 16.
'ஒப்படைக்கப்பட்டது' என்ற கட்டம் காலி.
தாமதக் கட்டணம் நாளொன்றுக்குப் பத்து கோபெக்.
கணக்கன் கை சும்மா இருக்குமா,
பெருக்கிப் பார்த்தேன்.
இல்லாத நாட்டின் காசு. விட்டுவிட்டேன்.

"ஒன்று போதும்," என்றார். "காட்டத்தானே."

இடது காலணியை வாங்கி
மடியில் வைத்துப் பேருந்துக்குக் காத்திருந்தார்,
இரண்டாம் வகுப்புப் பெஞ்சில்.
கத்தியில் துரு. நாடாவில் அந்தக் காலத்து முடிச்சு,
அதை அவிழ்க்கவில்லை.

நான் உள்ளே வந்து
விவரச்சீட்டில் 'ஜோடி' என்பதை அடித்தேன்.
அடித்தது தெரியும்படிதான் அடித்தேன்.