இடப்பக்கம் ஐந்து புள்ளி ஒன்று

என் வேலை கால்களைப் பிடிப்பது.
முன்னங்கால் இரண்டும் ஒரு கையில்,
பின்னங்கால் இரண்டும் மறு கையில்.
நுரைமெத்தைப் பள்ளத்தில் பூனையை மல்லாத்திவிட்டால்
நான் மூச்சு விடுவதும் அதன் மூச்சுக்கேற்பத்தான்.

புந்தா அரேனாஸில் ஜூலை மாதம்
மணி பத்தாகப்போகிறது, ஜன்னலில் இன்னும் இருட்டு.
இந்த ஊர்க் காற்று கதவைத் தட்டாது, உதைக்கும்.
ஜெல் புட்டியை வெந்நீரில் நிறுத்தியிருந்தேன்.
குளிர்ந்த ஜெல்லை
எந்தப் பூனையும் மன்னித்ததில்லை.

துவேர்க்கா என்று பெயர். துவேர்க்கா என்றால் நட்டு,
போல்ட்டில் திருகுகிற நட்டு.
படகு எஞ்சின் மெக்கானிக் எலியேசர் மர்த்தினிச்
ஸ்பேனர் பெட்டிக்குள் கண்டெடுத்த குட்டி.
நான்கு நாளாக உணவில்லை.
தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறதாம்,
குடிக்க மறந்துபோனதைப் போல.

டாக்டர் ஹிமேனா விலாவுக்குக் கீழே கருவியைச் சாய்த்தார்.
காதுக்கு எட்டாத சத்தம் உள்ளே போகும்,
போனது திரும்பி வந்து படமாக உட்காரும்.
எங்களுடையது பழைய மெஷின்.
திரையின் ஒரு மூலை எப்போதும் நனைந்தாற்போல் இருக்கும்.

புதிதாகப் பார்ப்பவர்கள் வெளிச்சம் கண்டால் மகிழ்வார்கள்.
இங்கே கணக்கு வேறு.
நல்ல சிறுநீரகத்தின் வெளிப்புறம் சாம்பல்,
உட்புறம் அதைவிடக் கருப்பு,
இரண்டுக்கும் நடுவே தெளிவாக ஒரு வரப்பு.
வரப்பு அழிந்து எல்லாம் ஒரே வெள்ளையானால்
டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

வலப்பக்கம்
இரண்டு புள்ளி மூன்று சென்டிமீட்டர்.
விளிம்பெல்லாம் மேடு பள்ளம், உள்ளே வெண்மை.
"இது இன்று நடந்ததில்லை.
எப்போதோ வேலையை நிறுத்திவிட்டது."
தாழ்ந்த குரல்.

இடப்பக்கம்
ஐந்து புள்ளி ஒன்று.
இரண்டு பேர் சுமையை ஒற்றை ஆளாய்ச் சுமந்து வீங்கியது.
நடுவில் இருக்கக் கூடாத ஒரு கருங்குளம்,
குளத்திலிருந்து இறங்கும் குழாய்,
குழாயில் இரண்டு மில்லிமீட்டரில் ஒரு வெள்ளைப் பொட்டு,
பொட்டுக்குக் கீழே அதன் நிழல்.

"அடைப்பு" என்றார் மெக்கானிக்,
நாங்கள் வாய் திறக்கும் முன்பே.
டீசல் கறை போகாத விரலால் திரையைத் தொட்டார்.
"இதை எடுத்துவிட்டால் ஓடும்."
எடுக்கிற கை சாந்தியாகோவில் இருக்கிறது.
நடுவே மூன்றரை மணி நேர விமானம்,
படகுக்காரர்கள் அவருக்குத் தராத பாக்கி.

பிறகு அவர் கேட்டது வேறு.
"சின்னது நின்றபோது இதற்கு வலித்திருக்குமா?"
டாக்டர் கருவியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.
"சில நாள் சாப்பிட்டிருக்காது. ஒதுங்கிக் கிடந்திருக்கும்."

மூன்று வருஷத்துக்கு முன், நெல்டா போன மறுவாரம்,
அவள் கம்பளிச் சட்டைமேல் சுருண்டு கிடந்ததாம்.
மீனைக் காட்டினாலும் முகம் திருப்பிக்கொண்டதாம்.
"அவளுக்காகத்தான் என்று தெருவெல்லாம் சொன்னேன்.
அவள் தங்கைக்குக் கடிதமே எழுதினேன்."

காற்று மட்டும் கதவை உதைத்துக்கொண்டிருந்தது.
இரண்டும் இருந்திருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன்.
என் வேலை கால்களைப் பிடிப்பது.

டிரிப் ஏற்றினோம்.
டாக்டர் சாந்தியாகோவுக்குப் போன் போட்டார், லைன் பிஸி.
துவேர்க்கா தலை தூக்கி, மழித்த வயிற்றின் ஜெல்லை
ஒரு நக்கு நக்கி, எங்களை வெறுத்தது.

எலியேசர் படத்தில் ஒரு பிரதி கேட்டார்.
எது வேண்டும், இடதா வலதா என்றேன்.
"சின்னது.
பெரியதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்,
அதில் இன்னும் வேலை இருக்கிறது."