மூன்று கிலோஹெர்ட்ஸ்

லிங்கராஜபுரத்தில் மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேல்மாடி.
செல்லை அணைத்துவிட்டு உள்ளே வரவும் என்று
மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
மூன்றையும் யாரும் படிப்பதில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அறை.
அதற்குள் நாலுக்கு நாலில் இன்னோர் அறை,
கண்ணாடிப் பஞ்சு திணித்த சுவர்.
ஃபேன் கிடையாது; அதுவும் பாடிவிடும்.
மணிக்கு அறுநூறு.
டெமோ, டப்பிங், பள்ளிக்கூட ஆண்டுவிழா,
"தயவுசெய்து காத்திருக்கவும்" என்கிற கம்பெனிக் குரல்கள்,
மாப்பிள்ளையே பாடி மணப்பெண்ணுக்கு அனுப்பும் பாட்டு.
அதற்குச் சுருதி சேர்க்கத் தனிக் காசு,
வெளியே சொல்லாமல் இருப்பது இலவசம்.

கீழே முனிவெங்கடப்பா
பதினொன்றிலிருந்து ஒன்றுவரை மிக்ஸி ஓட்டிப் பார்ப்பார்.
அவருக்கு மிக்ஸி, எனக்கு மிக்ஸிங்.
மைக் திறப்பது அவர் சாப்பிடப் போனபிறகு,
பானஸ்வாடிப் பக்கம் ரயில் இல்லாதபோது,
பக்கத்து வீட்டு நாய்க்கு மனசு வரும்போது.

ஜூலைத் தூறலில் சகாயமேரி ஏறி வந்தாள்.
முப்பத்தாறு வயதில் என்னைப் பாப்பா என்றாள்.
"டாக்டரு கத்தாதேன்னுட்டாரு.
கத்தாம எப்பிடி யாவாரம்?
நான் கத்துற மாதிரி ஒண்ணு
பென்டிரைவுல போட்டுக் குடு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
ஹளே பேப்பர், ஹளே கப்பிண,
பழைய பேப்பர், பழைய இரும்பு,
ரேஷன் கடைப் பட்டியல் மாதிரி வாசித்தாள்.
இரண்டாம் முறையும் அப்படியே.
மூன்றாம் முறை ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்:
"நிக்க வச்சா வராது பாப்பா,
காலு நடந்தாத்தான் வாயி வரும்."

இருந்த கேபிளையெல்லாம் இணைத்து
மொட்டைமாடிக்கு இழுத்தேன்.
பிளாஸ்டிக் நாற்காலியை வண்டியாகத் தள்ளிக்கொண்டு
தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக்கம்பிக்கும் நடுவே
நடந்தாள். நடந்து
ஒரே மூச்சில் கூவினாள்.
கடைசி எழுத்தை வாலைப் பிடித்துத் தூக்கி
மூன்றாம் மாடிப் பகல்தூக்கத்துக்குள் வீசுகிற கூவல்.
நான் குடை பிடித்தேன். மைக்குக்கு.

கரகரப்பை எடுத்துவிடவா என்றேன்.
"விடு. நம்ம சரக்கே பழசுதானே."

அன்று இரவு அடிக்குரலைச் சீவி எறிந்தேன்.
மூன்று கிலோஹெர்ட்ஸை முடிந்தமட்டும் தூக்கினேன்.
சாத்திய கதவுக்குள் நுழைய வேண்டும்,
சீரியல் அழுகையைக் கிழிக்க வேண்டும்,
குக்கர் விசிலை முந்த வேண்டும்.

அறுநூறு ரூபாய்.
மூலையில் கிடந்த அட்டைப்பெட்டி பதினோரு கிலோ, கிலோ எட்டு,
கழித்தால் ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
பன்னிரண்டை விட்டுவிடு என்றாள்.
விட்டேன்.

செப்டம்பரில் ரோஷன் பின்டோ கிளாரினெட்டோடு வந்தான்.
ஒரே ஒரு நீண்ட கீழ்ஸ்தாயி சுரம்,
அதற்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம்.
ரயில் போனது. முனிவெங்கடப்பா போனார்.
ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டேன்.
சுரம் எழும்பி, கனத்து,
அறையே அவன் மூச்சாகிக்கொண்டிருந்த இடத்தில்

ஹளே பேப்பேஏர்...

இரட்டைக் கண்ணாடியைத் தாண்டி,
பஞ்சைத் தாண்டி, என் கடன் தவணைகளைத் தாண்டி,
கூர் மழுங்காமல்.

ரோஷன் வாயிலிருந்து கருவியை எடுத்தான்.
"உன் அறையில் எங்கேயோ ஓட்டை இருக்கு."
இருக்கிறது, நான்தான் போட்டேன் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.

ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.
வண்டி முன்னால் கூவிக்கொண்டு போகிறது,
அவள் பின்னால் தள்ளிக்கொண்டு.
வாய் நிறைய வேர்க்கடலை.
மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

எப்போது முடியும் என்றான்.
மெடிக்கல் ஷாப் திருப்பம் தாண்டினால் என்றேன்.
தாண்டியது. ரயில் சத்தம்கூட இல்லை.
மறுபடி மைக்கைத் திறந்தேன்.
எங்கள் இருவர் காதிலும் ஒன்றுமில்லை.
மீட்டரில் அடிப் பச்சை மட்டும்
விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.