வெர்னெல் ஹக்கபியின் இரண்டாம் பக்கம்

மொத்தமே மூன்று தட்டு, ஆறு பாட்டு.
ஒரு லேபிளில் அவள் பெயரையே
தப்பாக அடித்திருக்கிறார்கள்.
அந்தத் தப்புக்குத்தான் விலை அதிகம் என்கிறார் ஹிலரி லஸ்ராதோ,
காக்ஸ் டவுனில், பேட்டரிக் கடைக்கு மேலே,
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு
எங்கள் மூன்று பேருக்காகத் திறக்கும் அறையில்.

எப்போது பிறந்தாள், இருக்கிறாளா, தெரியாது.
படம் கிடையாது. காகித உறைகூட வேறு யாருடையதோ.
தெரிந்தது இவ்வளவு:
இரண்டாம் சரணத்துக்கு முன் ஒரு மூச்சு இழுப்பாள்.
படியேறி வந்தவள் கதவைத் தட்டுமுன் நிற்பாளே, அந்த மூச்சு.
ட்ரம்பெட்காரன் கொஞ்சம் முந்திவிடுவான்.
அவனை அவள் பொருட்படுத்த மாட்டாள்.

ரஃபத் பானு பல் டாக்டர்.
அந்த மூச்சில் அவருக்குக்
கீழ்வரிசையில் ஓர் இடைவெளி கேட்கிறதாம்.
சிரித்தோம்.
பிறகு எங்களுக்கும் கேட்கத் தொடங்கிவிட்டது.

போன மாதம் அவர் கிளினிக்கில்
ஏதோ நினைப்பில் அந்த மெட்டை முணுமுணுக்க,
நாற்காலியில் சாய்ந்திருந்தவர்
வாயில் பஞ்சோடு கையைத் தூக்கியிருக்கிறார்.
சன்னபசப்பா. ஆயுள் காப்பீட்டில் காசாளராக இருந்தவர்.
அந்த ஞாயிறே ராஜாஜிநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார்,
துண்டில் சுற்றிய ஒரே தட்டோடு.
அதே பாட்டு. அதே இரண்டாம் பக்கம்.
நாங்கள் எழுந்தே நின்றுவிட்டோம்.
ஹிலரியிடம் ஒன்று, என்னிடம் ஒன்று,
மூன்றாவது ஒன்று இதே ஊரில்
முப்பத்தொரு வருஷமாக எங்களுக்குத் தெரியாமல்.

ஹிலரி முள்ளை இறக்கினார்.
சன்னபசப்பா பத்து நொடி கேட்டார்.
"இவளு அவளல்ல" என்றார்.
கன்னடத்தில்தான் சொன்னார்,
மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.
அவர் கொண்டுவந்த தட்டேதான் ஓடிக்கொண்டிருந்தது.
இவள் சின்னப் பெண், யாரோ விரட்டுகிறார்கள் இவளை, என்றார்.

காரணம் கண்டுபிடிக்க ஹிலரிக்கு ஒரு டீ நேரம் ஆனது.
ஊரைக் காலிசெய்த அமெரிக்கக் குடும்பம் ஒன்று
விற்றுவிட்டுப் போன பெட்டி அவருடையது.
அங்கே மின்சாரம் நொடிக்கு அறுபது முறை துடிக்கும்,
இங்கே ஐம்பது.
ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் குறையும், துடிப்பு மாறாது.
அந்தப் பெட்டிக்குப் பொருந்தும் அகலத்துளைத் தட்டு
அவரிடம் இது ஒன்றுதான்.
ஒப்பிட்டுப் பார்க்க வேறொருத்தி இல்லை.
முப்பத்தொரு வருஷமும் அவள் அவருக்கு
ஒன்றரைக் கட்டை இறங்கியே பாடியிருக்கிறாள்.
இரண்டு நிமிஷம் நாற்பது நொடிப் பாட்டு
அவர் வீட்டில் மூன்று நிமிஷம் பன்னிரண்டு.

ஹிலரி காகிதத்தில் போட்டுக் காட்டினார்.
காசாளர் கணக்கைச் சரிபார்த்தார்.
முப்பத்திரண்டு நொடி கூடுதல். சரிதான் என்றார்.
தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டார்.
விற்பீர்களா என்று கேட்க நினைத்திருந்த ஹிலரி
கேட்கவில்லை.

படியிறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார்:
"அந்தக் கடைசி வார்த்தை இருக்கிறதே,
என் வீட்டில் அதை அவள் லேசில் விடமாட்டாள்."
ஓர் ஆங்கிலச் சொல் அது. எனக்குத் தமிழில் கேட்டது:
இரு.
போகாதே என்பதும் அதுதான்,
செத்துவிடாதே என்பதும் அதுதான்.

லிங்கராஜபுரத்தில்
எதிர்வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்ற பிறகு
என்னுடையதைப் போட்டேன்.
அந்த மூச்சு வந்ததும்
சுழலும் வட்டின் விளிம்பில்
(ஹிலரி பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார்)
சுட்டுவிரலை வைத்து மெல்ல அழுத்தினேன்.

குரல் கனத்தது. அவளுக்கு வயது கூடியது.
தள்ளாடினாள், என் விரல் அப்படி.
ட்ரம்பெட்காரன் அப்போதும் முந்தித்தான் வந்தான்,
ஆனால் தயங்கித் தயங்கி,
அந்த வீட்டுக்குள் யாரோ இருப்பது
அவனுக்கும் தெரிந்ததுபோல.