வினா எண் நான்கு

வினா நான்கு, இரண்டு மதிப்பெண்:
ஒரு படகு கரையிலிருந்து புறப்பட்டு
2.4 கிலோமீட்டர் அப்பாலுள்ள துறையை அடைந்து
புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது.
கடந்த தொலைவு என்ன?
இடப்பெயர்ச்சி என்ன?

பேனாவை மூடிவிட்டுச் சிரித்துவிட்டேன்.
பக்கத்து மேசையில் மீன் ஆலைப் பையன்
திரும்பி முறைத்தான்.
துணைமாலுமிச் சான்றிதழுக்கு இயற்பியல் வேண்டுமாம்,
நாற்பத்து மூன்று வயதில் மாலை வகுப்பு.
ஸ்கார்வோய்க்கும் நெஸ்லாண்டுக்கும் நடுவே
பத்தொன்பது வருடமாய் நான் கார்களை ஏற்றி இறக்கும்
ஃபியோர்டு அது.
வினா எழுதிய யோருனும்
ஏழு நாற்பது படகில்தான் போகிறாள்,
பின்கண்ணாடி விரிந்த சிவப்புக் காரில்.

நாளைக்குப் பதினாறு கடவை.
வருடத்தில் இருநூற்றிருபது நாள்.
தாளின் ஓரத்தில் பென்சிலால் பெருக்கினேன்:
ஒரு லட்சத்து அறுபதாயிரத்து
ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
பூமியை நான்கு முறை சுற்றலாம்,
மிச்சத்தில் பெர்கன் போய் ஒரு காபி குடிக்கலாம்.
நானோ அதே சமையலறையில்
அதே மஞ்சள் கோப்பையைக் கழுவுகிறேன்.

எங்கள் படகுக்கு முன்பின் கிடையாது.
இரண்டு முனையும் ஒரே மாதிரி வாய் திறக்கும்.
கரை வந்ததும் படகு திரும்புவதில்லை,
கேப்டன்தான் நாற்காலியோடு திரும்பிக்கொள்கிறார்.
அந்த ஒரு கிரீச்சில்
கூட்டல் கழித்தலாகிவிடும்.

தேர்வுத்தாளில் கடல் நேர்கோடு.
வசந்தத்தில் பனி உருகி ஆறுகள் இறங்கும்போது
நீரோட்டம் வடக்கே தள்ளத் தள்ள
வில்லாய் வளைந்துதான் கரை சேர்வோம்.
அந்த வளைவுக்கும் டீசல் எரிகிறது.
கம்பெனி கணக்கில் அது வரும்,
இடப்பெயர்ச்சிக் கணக்கில் வராது.

ஐலெவ் போன காலை எனக்கு முதல் ஷிஃப்ட்.
கூரையில் மெத்தையைக் கட்டிய நீல வால்வோ
மூன்றாம் வரிசையில் நின்றது.
எல்லாருக்கும் காட்டுவதுபோலவே கை காட்டினேன்:
வா, வா, இன்னும், இடது, போதும்.
சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன்.
அவன் கண்ணாடியை இறக்கவில்லை,
வைப்பரை மட்டும் நிறுத்தினான்.
பதினொரு நிமிடம்
ஒரே தளத்தில், ஒரே திசையில்,
அவனுக்கும் எனக்கும் ஒரே தொலைவு,
ஒரே இடப்பெயர்ச்சி.
நெஸ்லாண்டில் கட்டையை எடுத்தேன்.
மேலே நாற்காலி கிரீச்சிட்டது.

எங்கும் வளையாமல், திரும்பியே வராமல்
போகிறவருக்கு மட்டும்
இரண்டும் சமம் என்று
தேர்வுக்கு முந்தின வாரம் யோருன் பலகையில் எழுதினாள்.
நான் இருமுறை அடிக்கோடிட்டேன்,
தாள் கிழிந்தது.

ஆகக் கூட்டிக் கழித்து
முதல் விடை: 4.8 கிலோமீட்டர்.
இரண்டாவது: 0.

ஒன்றரை மதிப்பெண்ணோடு தாள் திரும்பி வந்தது.
பூஜ்யத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்,
பக்கத்தில் யோருனின் சின்னக் கையெழுத்து:
என்ன பூஜ்யம்? அலகு எங்கே?

மறுநாள் ஏழு நாற்பதுக்கு
அவள் காரை மறித்து வாதாடலாம் என்றிருந்தேன்.
ஒன்றுமில்லாததற்கு எதற்கம்மா அளவுகோல்?
பின்னால் ரொட்டி வண்டி ஹாரன் அடித்தது.
வா, வா, இன்னும், போதும்.

கட்டையை வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றி
உள்ளங்கையில் எழுதிப் பார்த்தேன்:
0 மீட்டர்.
தூறல் பிடித்தது.
முதலில் அழிந்தது எண்தான்.
அலகு நெஸ்லாண்ட் வரை இருந்தது.