கடுகளவு முக்கோணம்

சட்பரியில் மைனஸ் இருபத்தெட்டு.
எல்ஜின் தெருப் பழைய புத்தகக் கடை
திறந்திருக்கிறது என்பதற்கு
ஹீட்டரின் இருமல்தான் சாட்சி.

எல்லோரும் சொல்லும் அறிவியல் நாவல்களைப்
படித்தாயிற்று. விண்கலம், பேரரசு, விதி தேர்ந்த பையன்.
பேரரசு விழும். பையன் விழமாட்டான்.

"யாரும் கேட்காதது ஏதாவது?" என்றேன்.
குறுக்கெழுத்திலிருந்து தலை தூக்காமல் ரேமோன்,
"அந்தச் சுவர் முழுக்க அதுதான்.
வாடகைகூடத் தருவதில்லை" என்றார்.

மூன்று தலைப் பல்லி சீறும் ஓர் அட்டைக்குள்
பல்லியே இல்லை.
வால்மீன் சுரங்கத்தின் சம்பளக் கணக்காளர் ஒருத்தி,
நேரமே வளையும் இடத்தில்
ஓவர்டைமை எப்படிக் கணக்கிடுவது என்று
நானூறு பக்கம் தவிக்கிறாள்.
சிரித்துக்கொண்டே போனவனுக்கு
முடிவில் தொண்டை அடைத்தது.
அங்கே, கடைசிப் பக்கக் கீழ்மூலையில்
பென்சிலால் ஒரு முக்கோணம்.
கடுகளவு.

அதன்பின் அட்டையைப் பார்ப்பதில்லை.
முடிவு வரியை உள்ளங்கையால் மூடி
மூலையை மட்டும் தேடுவேன்.
முக்கோணம் இருந்தால் இரண்டு டாலர்.

எதிர்காலமே இல்லாத மொழியில்
கடன் பத்திரம் எழுதத் திணறும் ஒரு கிரகம்.
மழைக்குக் குடியுரிமை மறுக்கும் ஒரு நிலா.

யாரப்பா நீ?
ஒன்றின் ஓரத்தில் கரிய கட்டைவிரல்.
இன்னொன்றில் இருமல் மருந்து ரசீது, 1987.
விண்கல் விழுந்த பள்ளம் இந்த ஊர்;
அந்த அடியில் திரண்ட நிக்கலைத்தான்
இன்னும் தோண்டுகிறார்கள்.
நீயும் இறங்கினாயா அங்கே,
சாப்பாட்டுப் பெட்டிக்கடியில் நாவலை வைத்து?

பதினான்காவது புத்தகம் படு மோசம்.
அதிலும் முக்கோணம்!
கூடப் பிறந்தவன் ஏமாற்றியதுபோல்
இரண்டு நாள் கடைப்பக்கமே போகவில்லை.

பதினைந்தாவதில் முக்கோணம் இல்லை.
இருநூற்றுப் பதினொன்றில் ஒரு மடிப்பு,
அதற்குமேல் தாள்கள் ஒட்டியே இருந்தன.
கப்பல்களே இல்லாத உலகில்
ஒரு கலங்கரை விளக்கம்; அதற்கு ஒரு காவலாளி.
கத்தியால் பிரித்துப் பிரித்துப் படித்தேன்.
முடித்தபோது நாலு மணி.
ஐந்தரைக்கு முதல் பஸ்ஸை நான் எடுக்க வேண்டும்.

பென்சிலை எடுத்தேன்.
முக்கோணம் போட்டால் பொய்க் கையெழுத்து.
சின்னதாக ஒரு வட்டம் போட்டு,
அந்த மடிப்பை நீவாமல்
சனிக்கிழமை சுவரில் திருப்பி வைத்தேன்.

பதினான்காவது மட்டும் இன்னும் என்னிடம்.
மூன்றாம் முறை.
அறுபத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறேன்.